போனை வைத்துக் கண்ணைக் கவனிப்பது: சென்னையில் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

என் அம்மாவுக்கு 11 வருடமாகச் சர்க்கரை. வீடு அயனாவரத்தில், என் வேலை சிறுசேரியில். போக வர நாலு மணி நேரம் ஓடிவிடும். போன வருடம் ஒரு நாள், "கண்ணு லேசா மங்கலா இருக்குடா" என்றார். லீவு கிடைக்காத வாரம் அது. கண்ணைப் போனில் படம் எடுத்து, ஒரு தனியார் மருத்துவமனையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினேன். பத்து நிமிட வீடியோ அழைப்பு, 400 ரூபாய் கட்டணம், கண் உலர்வுக்கு ஒரு சொட்டு மருந்து. சர்க்கரை எத்தனை வருடமாக இருக்கிறது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏழு வாரம் அந்தச் சொட்டு மருந்திலேயே போனது.

அப்புறம் சர்க்கரைக்குப் பார்க்கும் கிளினிக்கில், போனோடு பொருத்திய ஒரு கேமராவில் விழித்திரையைப் படம் எடுத்தார்கள். இரண்டு கண்ணிலும் ரத்தக்கசிவு. இடது கண்ணில் உடனே லேசர் வைக்க வேண்டிய நிலை.

முதல் முறை போன் பார்த்தது கண்ணின் வெளிப்பக்கத்தை. இரண்டாம் முறை பார்த்தது உள்பக்கத்தை. இந்த ஒரு விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த ஏழு வாரம் மிச்சமாகியிருக்கும். உங்கள் வீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெரியவர் யாராவது இருந்து, போனிலேயே கண் விஷயத்தைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தால், கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. போனை ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரங்கள்

சில அறிகுறிகளுக்கு எந்தச் செயலியும் வேண்டாம், எந்த வீடியோ அழைப்புக்கும் காத்திருக்க வேண்டாம். திடீரென்று ஒரு கண்ணில் பார்வை போவது. திரை இறங்குவது போல ஒரு பக்கம் மறைவது. மின்னல் வெட்டுவது போல ஒளி தெரிவது, அதோடு புதிதாகக் கொசு பறப்பது போலக் கரும்புள்ளிகள் மிதப்பது. கண்ணில் அடிபடுவது. அன்றே, அந்த நேரமே கண் மருத்துவமனைக்குப் போங்கள்.

கண் சிவந்து, தாங்க முடியாத வலியும் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அது கண் அழுத்தம் திடீரென ஏறியதாக இருக்கலாம். இதை ஒற்றைத் தலைவலி என்றோ பித்தம் என்றோ நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறவர்கள் அதிகம். சில மணி நேரத்திலேயே நிரந்தரமாகப் பார்வையைக் கெடுத்துவிடும் பிரச்சினை இது.

வெற்றிலைச் சுண்ணாம்பு, ஆசிட், பாத்ரூம் கழுவும் திரவம் கண்ணில் பட்டால் முதலில் குழாயடிக்கு ஓடுங்கள். சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 முதல் 30 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு, பிறகு மருத்துவமனை. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். பிளாஷ் போட்டு எடுத்த படங்களில் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் திரும்பத் திரும்ப வெள்ளையாகத் தெரிந்தால், அந்தப் படத்தோடு அந்த வாரமே கண் டாக்டரைப் பாருங்கள். கண்ணுக்குள் வரும் புற்றுநோயும் இப்படித்தான் முதலில் தெரியும். குறைமாதத்தில், குறிப்பாக 34 வாரத்துக்கு முன் அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் இன்னும் முன்பே. டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி எழுதவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

2. ஒரு மாலை ஒதுக்கிப் பேப்பர்களைச் சேருங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். வீடியோவில் டாக்டர் கண்ணை ஓரளவுதான் பார்க்க முடியும். மீதியை நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்துத்தான் முடிவெடுப்பார். அதனால் ஒரு தாளில் இவற்றை எழுதி, அதையே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

சர்க்கரை எத்தனை வருடம். கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, எடுத்த தேதியோடு. ரத்த அழுத்தம். சிறுநீரகத்துக்கு எடுத்த கிரியாட்டினின் அளவு. இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும். பெயர் தெரியாவிட்டால் அட்டையைப் படம் எடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா. ஆஸ்துமா உண்டா. இந்தக் கேள்வியை யாரும் கண்ணோடு சேர்த்து நினைப்பதில்லை, ஆனால் கண் அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில சொட்டு மருந்துகள் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்ததா. பழைய கண்ணாடிச் சீட்டு, புரை ஆபரேஷன் செய்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சீட்டு.

எல்லாவற்றையும் போனிலேயே ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கி, கோப்பின் பெயரில் தேதியைப் போட்டு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை மூன்றும் அதே இடத்தில் இருக்கட்டும்.

அப்படியே ஆபா எண்ணும், அதாவது மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்ணும், எடுத்துவிடுங்கள். 14 இலக்கம், இலவசம். பல அரசு மருத்துவமனைகளில் வாசலில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கோடைப் போனில் ஸ்கேன் செய்து ஓ.பி. பதிவை முடித்துவிடலாம். ஒரு சிக்கல்: ஆதாரோடு இணைத்த போன் எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும். அம்மாவின் ஆதாரில் அப்பாவின் பழைய எண் இருந்தது. ஆதார் மையத்துக்குப் போய் அதை மாற்றி முடிக்க எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. இதைக் கண் நன்றாக இருக்கும்போதே செய்து வைத்துவிடுங்கள்.

3. வீட்டில் பார்வையை அளந்து பாருங்கள்

இதற்கு இலவசச் செயலிகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட டபிள்யூ.எச்.ஓ. ஐஸ், 8 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. தூரப் பார்வை, கிட்டப் பார்வை இரண்டையும் பார்க்கும். இன்னொன்று பீக் அக்யூட்டி. மூன்று கால் உள்ள ஓர் ஆங்கில எழுத்து நாலு பக்கமும் திரும்பித் திரும்பி வரும். கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பெரியவர் கையால் காட்டினால் போதும், நீங்கள் அந்தப் பக்கமாகத் திரையைத் தள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சரிப்படும் என்பதால் இதையே நான் பயன்படுத்துகிறேன்.

சரியாக அளக்க, திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றுங்கள். தானாக வெளிச்சம் மாறும் வசதியையும் இரவு நேர மஞ்சள் வெளிச்சத்தையும் அணையுங்கள். செயலி சொல்லும் தூரத்தை டேப் வைத்து அளங்கள். தையல் டேப் போதும். கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டே பார்க்கட்டும். ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள், மற்றதை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடச் சொல்லுங்கள். பெரும்பாலும் தப்பு நடப்பது இந்த மூடுவதில்தான். விரலிடுக்கு வழியாக நல்ல கண்ணால் பார்த்துவிட்டு, கெட்ட கண்ணுக்கு நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அவர்கள் ஏமாற்றுவதில்லை, அவர்களுக்கே தெரியாது.

பார்வை குறைவாக வந்தால் ஒரு அட்டையில் குண்டூசியால் சிறு துளை போட்டு அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். துளை வழியே நன்றாகத் தெரிந்தால் அநேகமாகப் பவர் மாற வேண்டிய விஷயம். அப்போதும் தெரியாவிட்டால் புரை, விழித்திரை என்று வேறு காரணம் தேட வேண்டும்.

பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் ஒரு கருவிதான். படிக்கும் கண்ணாடியைப் போட்டு, ஓரடி தூரத்தில் வைத்து, நடுவில் ஒரு புள்ளியை ஒரு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். கோடுகள் நெளிந்தோ, நடுவில் அழிந்தோ தெரிந்தால் விழித்திரையின் மையத்தில் பிரச்சினை இருக்கலாம். சில நாட்களுக்குள் டாக்டரைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பார்வை அளவு நன்றாக வந்தால் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ரத்தக்கசிவு கண்டுபிடித்த வாரத்திலும் அம்மாவின் வலது கண் 6/9, அதாவது கிட்டத்தட்ட இயல்பான பார்வை, காட்டியது. சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பும் கண் அழுத்த நோயும் பல நேரம் கடைசிக் கட்டம் வரை பார்வையைக் குறைக்காமலே உள்ளே வளரும்.

4. வெளிக்கண்ணைப் படம் எடுப்பது

கட்டி, சிவப்பு, இமை வீக்கம், பூ விழுந்தது போன்றவற்றுக்கு மட்டும் இது உதவும். பின்பக்கக் கேமரா, லென்ஸைத் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல். முகத்தை அழகாக்கும் வசதி அணைந்திருக்கட்டும், அது சிவப்பை அழித்துவிடும். நேராக, மேலே, கீழே, இரு பக்கம் என்று பார்க்கச் சொல்லி இரண்டு கண்ணையும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

5. வீடியோவில் டாக்டர்

அரசின் வீடியோ மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனி இலவசம். போன் எண்ணில் ஓ.டி.பி. வாங்கிப் பதிந்தால் டோக்கன் வரும், முறை வந்ததும் டாக்டர் வருவார், முடிந்ததும் மருந்துச் சீட்டைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். பொது மருத்துவர் வந்தாலும் பரவாயில்லை. பேப்பர்களைக் காட்டி, "11 வருடச் சர்க்கரை, விழித்திரை பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, எங்கே போகட்டும்" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு இந்த வசதி மிகவும் பயன்படும். எந்த மருத்துவமனை, எந்தத் திட்டம் என்று புரியாமல் நின்றால் அரசின் மருத்துவ உதவி எண் 104-ஐ அழைத்துக் கேட்கலாம்.

தனியாரிடம் போனால் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். பேசப்போவது கண் மருத்துவரா, மருத்துவர் அல்லாத ஆலோசகரா? நேரில் வரச் சொன்னால் இந்தக் கட்டணம் அதில் கழியுமா? 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளின்படி மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். இல்லாத சீட்டை வைத்து மருந்து வாங்காதீர்கள்.

மருத்துவமனையின் எண்ணைத் தேடுபொறியில் முதலில் வரும் இடத்திலிருந்து எடுக்காதீர்கள். போலி எண்கள் நிறைய. "பதிவுக்குப் பத்து ரூபாய் மட்டும்" என்று ஒரு லிங்க் வரும், தொட்டால் கணக்கு காலியாகும். பழைய ஓ.பி. சீட்டிலோ, மருத்துவமனையின் சொந்தத் தளத்திலோ உள்ள எண்தான் பாதுகாப்பு.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். மெட்ராஸ் ஐ பரவும் நாட்களில் பக்கத்து வீட்டுக்காரரின் சொட்டு மருந்தை வாங்கி விடுவது, மருந்துக் கடையில் "சிவப்புக்கு ஒன்னு குடுங்க" என்று கேட்டு வாங்குவது. அவற்றில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. டாக்டர் சொல்லாமல் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தமும் புரையும் வரும். சிவப்பு போய்விடுவதால் மருந்து நல்லது என்றே நம்பி வருடக்கணக்கில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

6. விழித்திரைப் படம்

சர்க்கரை உள்ள வீட்டுக்கு இந்தக் கட்டுரையில் இதுதான் முக்கியமான பகுதி. மற்றதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளாதீர்கள்.

போனோடு சிறப்பு லென்ஸும் விளக்கும் சேர்த்துச் செய்த கேமராக்கள் இப்போது பல சர்க்கரை கிளினிக்குகளிலும் முகாம்களிலும் இருக்கின்றன. பயிற்சி பெற்ற உதவியாளர் படம் எடுப்பார், வேறு இடத்தில் இருக்கும் விழித்திரை நிபுணர் பார்த்து அறிக்கை தருவார், அல்லது கணினி மென்பொருள் முதலில் சலித்துத் தரும். நம்பலாமா என்றால், நம்பலாம். இந்த முறையைச் சோதித்த முக்கியமான ஆய்வுகள் நம் சென்னையிலேயே நடந்தவை. 2015-ல் வெளியான ஆய்வில் 301 பேருக்குப் போன் கேமராவையும் வழக்கமான பெரிய கேமராவையும் ஒப்பிட்டார்கள். பாதிப்பு இருந்தவர்களில் 92 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களைப் போன் கேமரா பிடித்தது. 2018-ல் 296 பேரின் படங்களை மென்பொருளிடம் கொடுத்தபோது, பாதிப்பு இருந்தவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் கண்டுபிடித்தது. ஆனால் பாதிப்பு இல்லாத சிலரையும் அது 'இருக்கிறது' என்று காட்டியது. எனவே மென்பொருள் 'இருக்கிறது' என்று சொன்னதும் பதறாமல் டாக்டரிடம் போய் உறுதிசெய்யுங்கள்.

யார், எப்போது? இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால் கண்டுபிடித்த உடனே ஒரு முறை, பிறகு வருடம் ஒரு முறை. முதல் வகை என்றால் சர்க்கரை வந்து ஐந்து வருடம் ஆனதிலிருந்து வருடாவருடம். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள்.

அறிக்கை கையில் வந்ததும் நாலு விஷயம் இருக்கிறதா பாருங்கள்: ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாகப் பாதிப்பு எந்த அளவு, மையத்தில் நீர் கோத்திருக்கிறதா, படித்தது நிபுணரா மென்பொருளா, அடுத்து எப்போது வர வேண்டும். அசல் படங்களையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த வருடம் ஒப்பிட அவைதான் வேண்டும், அப்புறம் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

பெரிய பொறி ஒன்று. வயதானவர்களின் பாப்பா சிறுத்திருக்கும், புரையும் இருக்கும், அதனால் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போடாமல் எடுத்தால் சில படங்கள் தெளியாது. அறிக்கையில் 'படத்தின் தரம் போதவில்லை' என்று வரும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இதை 'ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொண்டு எட்டு மாதம் இருந்துவிட்டார். தரம் போதவில்லை என்றால் பரிசோதனையே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாப்பாவை விரித்து மறுபடி எடுக்க வேண்டும்.

சர்க்கரைப் பாதிப்பைத் தேடும் மென்பொருள் கண் அழுத்தத்தை அளக்காது. 40 வயதைத் தாண்டியவர், அதுவும் குடும்பத்தில் கண் அழுத்த நோய் உள்ளவர், அதற்கு நேரில்தான் போக வேண்டும். இணையத்தில் விற்கும் லென்ஸை வாங்கிப் போனில் மாட்டி, டார்ச்சைப் போட்டு நீங்களே விழித்திரையைப் பார்க்க முயலாதீர்கள். பயிற்சி இல்லாமல் ஒன்றும் தெரியாது, பெரியவரின் கண்தான் கூசும்.

பெற்றோர் வெளியூரில் இருந்தால் அவர்களைச் சென்னைக்கு வரவழைக்கும் முன், பக்கத்து ஊரில் அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே உதவியாளர் கண்ணைப் பரிசோதிப்பார், தலைமை மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பேசுவார். சங்கர நேத்ராலயா கருவிகளோடு பேருந்தையே ஊர்களுக்கு அனுப்பித் தொலைவழிப் பரிசோதனை செய்துவருகிறது.

7. நேரில் போகும் நாள்

அரசு மருத்துவமனை என்றால் எழும்பூர் ருக்மணி லட்சுமிபதி சாலையில் உள்ள அரசு கண் மருத்துவமனை. எழும்பூர் ரயில் நிலையம், மெட்ரோ இரண்டும் பக்கம். புறநோயாளிகளைக் காலையில்தான் பார்ப்பார்கள். நாங்கள் ஏழரைக்குப் போய் நின்றோம், எல்லாம் முடிய மதியம் ஒன்றரை ஆனது. தனியாரில் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் சங்கர நேத்ராலயா, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் அரவிந்த். வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பார்க்கும் பிரிவு உண்டு, முதல் பதிவின்போதே கேளுங்கள். பின்னால் மாற்றச் சொன்னால் அலைச்சல்.

சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் வழக்கம்போல் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். பரிசோதனை என்றாலே வெறும் வயிறு என்று நினைத்து வந்துவிடுகிறார்கள், வரிசையிலேயே சர்க்கரை இறங்கி மயக்கம் வருகிறது. கையில் இட்லியோ பிஸ்கட்டோ இருக்கட்டும். சொட்டு மருந்து விட்டுப் பாப்பா விரிய அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம், மங்கல் தெளிய நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும். வண்டி ஓட்டக் கூடாது. கூட ஒருவர், ஒரு கறுப்புக் கண்ணாடி, இரண்டும் அவசியம்.

8. செலவு

அரசு மருத்துவமனையில் ஓ.பி. இலவசம். எங்களுக்குக் கிளினிக்கில் விழித்திரைப் படத்துக்கு 600 ரூபாய் ஆனது. லேசர் பல அமர்வுகளாக நடக்கும், ஓர் அமர்வின் கட்டணத்தை முழுச் செலவு என்று எண்ணிவிடாதீர்கள். கண்ணுக்குள் போடும் ஊசியோ, எந்த மருந்து என்பதைப் பொறுத்து விலை பல மடங்கு மாறும். "இதே வேலைக்கு விலை குறைந்த மருந்து உண்டா, எத்தனை ஊசி ஆகலாம்" என்று தயங்காமல் கேளுங்கள்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேருங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று தேவை. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அது வருவதற்கு நாளாகும் என்பதால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். பதிவு மையம் ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில். எந்தச் சிகிச்சை பட்டியலில் வருகிறது என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட மேசையில் சிகிச்சைக்கு முன்பே கேட்டு அனுமதி வாங்க வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் திரும்பக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். தனியார் காப்பீடு இருந்தால், கண்ணுக்குள் போடும் ஊசிக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று பாலிசியில் பாருங்கள்.

9. சிகிச்சைக்குப் பிறகு போனுக்கு என்ன வேலை

சொட்டு மருந்து சந்தேகங்களுக்கு, சர்க்கரை அளவைக் காட்டுவதற்கு வீடியோ ஆலோசனை போதும், அரை நாள் லீவு மிச்சம். ஆனால் கண்ணுக்குள் ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே நேரில் போங்கள். கண்ணுக்குள் கிருமித் தொற்று ஏறியிருக்கலாம், ஒரு இரவு கூடத் தாமதிக்கக் கூடாது.

வாரம் ஒரு முறை கட்ட நோட்டு, மாதம் ஒரு முறை பார்வைச் செயலி என்று அம்மாவின் போனிலேயே நினைவூட்டல் வைத்திருக்கிறேன். மாற்றம் தெரிந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் போவோம். அடுத்த விழித்திரைப் பரிசோதனைக்கு மட்டும் நினைவூட்டலை என் போனில், மூன்று வாரம் முன்னதாக வைத்திருக்கிறேன். அப்போதுதான் லீவு கேட்கவும், மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனையை முன்பே எடுத்துக் கையில் கொண்டுபோகவும் நேரம் இருக்கிறது.